நாம அடிச்ச தேதி

1

இங்கே ஒருவர் இறந்துவிட்டால் துணிமணிகளை எடுத்துப் போக வீட்டார் வருவார்கள். க்ரீம்களை எடுத்து வைப்பது எங்கள் வேலை.

நான் இருப்பது இங்கிலாந்தின் வடக்கில் ஒரு சின்ன ஊர். முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை. போன வாரம் டோரத்தி இறந்துபோனார். தொண்ணூறைத் தாண்டியவர், தூக்கத்திலேயே போய்விட்டார், யாரும் பெரிதாக அழவில்லை. பொறுப்பு நர்ஸ் என்னைக் கூப்பிட்டு, அந்த அறையிலுள்ள ட்யூப், டப்பா எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, பெயர் எழுதி, விதிப்படி ஒரு வாரத்துக்கு மருந்து அலமாரியில் வைத்துப் பூட்டச் சொன்னார். பாத வெடிப்புக்கு ஒன்று, படுக்கைப் புண் வராமலிருக்க ஒன்று, முகத்துக்கு ஒன்று. எல்லாவற்றிலும் நாங்கள் ஒட்டிய வெள்ளை லேபிள் இருந்தது. திறந்த தேதி, தூக்கிப்போட வேண்டிய தேதி, திறந்தவரின் கையெழுத்து.

ஊரில் இருப்பவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒரு க்ரீமுக்கு ஆயுள் இரண்டு. ஒன்று கம்பெனியில் அடித்து அனுப்புவது. இன்னொன்று மூடியைத் திறந்த நாளிலிருந்து ஓடத் தொடங்குவது. உங்கள் வீட்டு டப்பாவின் பின்னாலும் மூடி திறந்த ஒரு குட்டி டப்பா படமும் அதற்குள் ஓர் எண்ணும் இருக்கும். திறந்தபின் அத்தனை மாதம்தான். திறந்த தேதி தெரியாவிட்டால் முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள் என்பது இங்கே சட்டம். வந்த புதிதில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. மனுசர்களுக்கு இல்லாத கவனிப்பு இந்த ட்யூப்களுக்கா என்று நினைத்தேன்.

டோரத்தியின் மேசை இழுப்பறையில், தலைவாரும் சீப்புக்கு அடியில், ஒரு சன் க்ரீம் கிடைத்தது. தோட்டத்தில் உட்கார வைக்கும்போது தடவுங்கள் என்று மகன் எப்போதோ வாங்கிக் கொடுத்தது. லேபிள் இல்லை. சீல் பிரிக்கவில்லை. தேதி போன வருடத்தோடு முடிந்திருந்தது.

"அது பையில் வேண்டாம், குப்பையில் போட்டுவிடு," என்றார் நர்ஸ்.

போட்டுவிட்டேன். அதன்பிறகு பணியாளர் கழிவறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு அழுதேன். டோரத்திக்காக என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். ஒருத்தி டீ போட்டுக் கொண்டுவந்து தந்தாள். நல்ல மனசு. நான் திருத்தவில்லை.

என் தங்கை செல்வி இறந்து ஒரு வருடம் முடிந்துவிட்டது. வெயில் ஆகாத நோய் அவளுக்கு. இங்கிருந்து மூன்று வருடமாக நான் அவளுக்கு சன் க்ரீம் அனுப்பிக்கொண்டிருந்தேன், குறைவில்லாமல், ஒன்று தீரும் முன்பே அடுத்தது. அப்படியும் வெயில் அவளை எப்படிப் பிடித்தது என்பது எனக்கு ஒரு வருடம் விளங்கவே இல்லை. போன மாதம் ஊருக்குப் போனபோதுதான் விளங்கியது.

2

"நீ எந்த ஊர்?" என்று இங்கே கேட்டால் பெங்களூர் என்று சொல்லிவிடுகிறேன். ஓசூர் என்று சொல்லி, அது தமிழ்நாட்டில் இருக்கிறது, ஆனால் பெங்களூருக்குப் பக்கம், ஆனால் கன்னடக்காரர்கள் இல்லை, ஆனால் கன்னடம் பேசுவோம் என்று விளக்கி முடிப்பதற்குள் கேட்டவர் டீயைக் குடித்து முடித்துவிடுகிறார்.

உண்மையில் நாங்கள் ஓசூரும் இல்லை. மத்தூர் பக்கம். அப்பா, அம்மா இருவரும் மாந்தோப்புக் கூலி. நாங்கள் வளர்ந்த பிறகு மூக்கண்டப்பள்ளிக்கு வந்து ஒரு லைன் வீட்டில் குடியேறினோம். ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் தெலுங்கு, இந்தப் பக்கம் கன்னடம், எதிர்வீட்டில் திருநெல்வேலித் தமிழ். யார் வீட்டுச் சண்டையும் யாருக்கும் புரியாமல் போனதில்லை.

பக்கத்துத் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் ஒரு க்ரீம் கம்பெனி இருந்தது. பெயர் வேண்டாம். நானும் செல்வியும் அங்கே சேர்ந்தோம். முகத்துக்கு, பாதத்துக்கு, கோடைக்காலத்துக்கு என்று விதவிதமாக ட்யூப் வரும். எங்களுக்குக் கோடிங் டேபிள். தயாரித்த மாதமும் முடியும் மாதமும் அட்டைப்பெட்டியில் விழுகிறதா என்று பார்த்து அனுப்ப வேண்டும். மிஷினில் மாதத்தை மாற்றுவதும் எங்கள் வேலைதான்.

ஒருமுறை மாதம் பிறந்ததை மறந்து, பழைய மாதத்தையே அரை ஷிப்ட் வரைக்கும் அடித்துத் தள்ளிவிட்டோம். சூப்பர்வைசர் வந்து பார்த்தார். திட்டுவார் என்று நின்றோம். அவர் தின்னரில் நனைத்த துணியை ஆளுக்கொன்று கையில் கொடுத்துவிட்டுப் போனார். பெட்டி பெட்டியாகத் துடைத்துவிட்டு, புது மாதத்தை அடித்தோம்.

செல்விக்கு வாய் சும்மா இருக்காது. "பாத்தியா யக்கா, இதுக்கெல்லாம் ஒரு மாசம் ஆயுசக் கூட்டி உட்டுட்டோம். எமனுக்குக் கூட இந்த வேலை தெரியாது," என்றாள். லைன் முழுக்கச் சிரித்தது.

அன்று சிரித்ததோடு தேதியின் மேலிருந்த பயமும் எங்களுக்குப் போய்விட்டது என்று இப்போது தோன்றுகிறது. பொங்கலுக்குப் பொங்கல், கடைகளிலிருந்து திரும்பி வந்த சரக்கைக் கம்பெனி வேலையாட்களுக்குக் கொடுக்கும். தேதி முடியப்போகும் சரக்கு என்பார்கள். அது மரியாதைக்குச் சொல்வது. பாதிக்குமேல் முடிந்தவைதான். பை நிறையக் கொண்டுவந்து லைன் வீடுகளுக்கெல்லாம் பங்கு வைப்போம். எண்ணெய் பிரிந்திருந்தால் குச்சியால் கலக்கிக்கொள்வது. வாசனை மாறியிருந்தால் கொஞ்சம் பவுடர் மேலே பூசிக்கொள்வது. யாருக்கும் எதுவும் ஆனதில்லை. மூக்கண்டப்பள்ளியில் பால் பாக்கெட்டின் தேதியைப் பார்த்து வாங்குவார்கள், க்ரீமின் தேதியை எவரும் திருப்பிப் பார்த்ததில்லை. புதிதாகக் குடிவந்த யாராவது பார்த்துவிட்டுத் தயங்கினால், செல்வி சொல்லும் பதில் ஒன்றுதான்.

"நாம அடிச்ச தேதிதானே."

வேறு யாராவது அடித்திருந்தால் ஒருவேளை நம்பியிருப்போம்.

3

பிறகு நான் நர்ஸிங் உதவியாளர் படிப்பு படித்து, ஓசூரிலேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனேன். செல்வி கோடிங் டேபிளிலேயே இருந்தாள். முருகேசனைக் கட்டிக்கொண்டாள். வேறொரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர், அதிகம் பேசாதவர். பிள்ளை இல்லை. என் மகள் தர்ஷினியைத்தான் இருவரும் பிள்ளையாக வைத்துக்கொண்டார்கள். பள்ளியிலிருந்து அவளை அழைத்து வருவது செல்வி, தலை பின்னுவது செல்வி, பேன் பார்ப்பதும் செல்வி. கோவிட் ஓய்ந்தபின் எனக்கு இந்த வேலை கிடைத்து நாங்கள் கிளம்பியபோது, ஏர்போர்ட்டில் என் கையை விட தர்ஷினியின் கையைத்தான் அவள் அதிக நேரம் பிடித்திருந்தாள். அதில் எனக்குக் கொஞ்சம் பொறாமையும் உண்டு.

நாங்கள் வந்த சில மாதங்களில் அவள் முகத்தில் சிவப்பு தட்டியது. இரண்டு கன்னத்திலும், மூக்குத் தண்டிலும். மங்கு என்றார்கள். பார்லரில் ப்ளீச் பண்ணினாள். இன்னும் சிவந்தது. விரல் மூட்டெல்லாம் வீங்கியது. கிருஷ்ணகிரியில் ஒரு டாக்டரிடம் காட்டி, அவர் பெங்களூருக்கு எழுதிக் கொடுத்து, கடைசியில் லூபஸ் என்று பெயர் வைத்தார்கள். உடம்பில் நோயை எதிர்க்க வேண்டிய சக்தி உடம்பையே எதிர்க்கும் நோய். மாத்திரை ஆயுளுக்கும். வெயில் பட்டால் கிளம்பும், ஆகவே வெயிலில் போகக் கூடாது, போனால் சன் ஸ்க்ரீன் இல்லாமல் போகக் கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினார்.

போனில் அவள் அதை ஒரு வேடிக்கைபோலச் சொன்னாள். "வெயில்ல போவக்கூடாதாம் யக்கா. நம்மம்மா ஆயுசுக்கும் தோப்புல வெயில்லதான நின்னுச்சு, அதுக்கு என்னா ஆச்சு? எனக்கு வந்துருக்குது பாரு பணக்கார நோவு."

"அம்மாவ உடுடி. டாக்டர் சொன்னபடி கேளு."

"ஓசூர்ல எங்கக்கா வெயிலு? காத்தால சொட்டர் போட்டுக்கினு போறேன்."

இதுதான் அந்த ஊரின் சிக்கல். சுடாத வெயிலை அங்கே யாரும் வெயில் கணக்கில் சேர்ப்பதில்லை. அதிலும் பேக்கிங் ஹாலில் ஏசி, எலும்புவரை குளிரும். மதியச் சாப்பாட்டுக்கு மணி அடித்ததும் பெண்களெல்லாம் டப்பாவோடு வெளியே ஓடி, கேட்டுக்குப் பக்கத்துச் சிமெண்ட் மேடையில் வெயில் காய்ந்துகொண்டேதான் சாப்பிடுவார்கள். நானும் அப்படித்தான் சாப்பிட்டிருக்கிறேன். அந்த வெயிலின் சுகம் இந்த ஊரில் எனக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை. செல்வியை உள்ளே கேண்டீனில் தனியாக உட்கார்ந்து சாப்பிடச் சொல்லியிருந்தார்கள். சில நாள் உட்கார்ந்தாள். பிறகு மேடைக்கே போய்விட்டாள். தனியாகத் தின்றால் சோறு இறங்கவில்லையாம்.

4

அப்போதுதான் நான் அனுப்பத் தொடங்கினேன். எங்கள் இல்லத்தில் வேலை பார்க்கும் ஒரு கேரள நர்ஸின் அண்ணன் பெங்களூரில் இருக்கிறார். அவர் வீட்டுக்கு யார் போனாலும் என் பொட்டலமும் போகும். முருகேசன் பைக்கில் போய் வாங்கி வருவார். கடையில் வரிசையின் பின்னால் கையை விட்டுத்தான் எடுப்பேன். முன்னால் நிற்பவற்றுக்கு ஆயுள் குறைவு, பின்னால் இருப்பவைதான் புதுசு. அதிகத் தேதி உள்ளதாகப் பார்த்து, பெரிய பாட்டிலாக, வாசனை இல்லாததாக, டாக்டர் சொன்ன எஸ்.பி.எஃப் எண்ணுக்குக் குறையாததாக எடுப்பேன். கோடிங் டேபிளில் கற்ற வித்தை அந்த ஒரு காரியத்துக்காவது உதவட்டும் என்று.

இதில் தர்ஷினிதான் எனக்கு வாத்தியார். பள்ளியில் அவளை டார்ஷ் என்று கூப்பிடுகிறார்கள். முதலில் கோபித்தாள், பிறகு அதையே தன் பெயராகச் சொல்ல ஆரம்பித்தாள். அவள் வயதுப் பெண்களுக்கு இங்கே க்ரீம் ஒரு மதம். முகம் கழுவ ஒன்று, கழுவிய முகத்துக்கு ஒன்று, அதன் மேல் ஒன்று. பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டால், க்ரீம் வைக்கக் குட்டி ஃப்ரிட்ஜ் வேண்டும் என்றாள். வாங்கிக் கொடுத்தோம். எங்கள் லைன் வீட்டில் சோறு வைக்கக்கூட ஃப்ரிட்ஜ் இருந்ததில்லை. ஒவ்வொரு டப்பாவையும் திறக்கும்போது அடியில் தேதி எழுதி வைப்பாள். மாதம் முடிந்தால் பாதி மிச்சமிருந்தாலும் குப்பைதான்.

"இன்னும் நல்லாத்தானே இருக்குது," என்று நான் எடுத்து என் காலில் தடவிக்கொண்டால், "அம்மா, அது dead," என்பாள் ஆங்கிலத்தில். அவளோடு இப்போதெல்லாம் நான் தமிழில் கேட்கிறேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறாள். சண்டை மட்டும்தான் இன்னும் தமிழில் நடக்கிறது.

செல்வியிடம் மட்டும் தமிழ்தான். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் சித்திக்குப் பாடம் எடுப்பாள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நிறையப் பிதுக்க வேண்டும், அதுதான் முகத்துக்கு அளவு, பட்டாணி அளவு பூசினால் பூசாத மாதிரி. செல்வி இரண்டு விரலைக் கேமராவில் காட்டி, "இம்மாம் பூசினா தோசை சுட்டுப்புடலாம் பாப்பா," என்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்வி முகமெல்லாம் திட்டுத்திட்டாக வெள்ளையாக வந்து நின்றாள். தர்ஷினி விழுந்து விழுந்து சிரித்தாள். "சித்தி, நீ பேய் மாதிரி இருக்கே." செல்வியும் பற்களைக் காட்டிப் பேய் மாதிரியே செய்தாள். எனக்கு அன்று நிம்மதியாக இருந்தது. பூசுகிறாள் என்பது கண்ணால் தெரிந்துவிட்டதே. நான் அனுப்பியது வெள்ளையாகத் திட்டு விழாது, தோலோடு மறைந்துவிடும் என்பது அந்த நிமிடம் எனக்கு உறைக்கவில்லை.

அதன்பிறகு வந்த வாரங்களில் அவள் சுத்தமான முகத்தோடுதான் வீடியோவில் வந்தாள். கேட்டால், "போட்டுக்கறேன் யக்கா, போட்டுக்கறேன்," என்பாள்.

5

ஒவ்வொரு வருடமும் மே மாதம் வருகிறோம் என்று சொல்வோம். முதல் வருடம் விடுப்பு கிடைக்கவில்லை. இரண்டாம் வருடம் டிக்கெட் பார்த்துவைத்த பிறகு என் கணவருக்கு வேலை போனது. மூன்றாம் வருடம் என் விசா முடிய இருந்தது, நீட்டிக்க விண்ணப்பம் போட்டோம்.

இந்த நீட்டிப்பைப் பற்றி ஊரில் சொன்னால் யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். விண்ணப்பம் அவர்கள் கையில் இருக்கும்வரை நாம் இங்கே இருக்கலாம், வேலை செய்யலாம், வரி கட்டலாம். நாட்டைவிட்டு ஓர் அடி வெளியே வைத்தால் விண்ணப்பத்தை நாமே திரும்பப் பெற்றுக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்கள். பிறகு திரும்பி வர முடியாது. எப்போது முடிவு வரும் என்று கேட்டு எழுதினால், உங்கள் கடிதம் கிடைத்தது என்று பதில் வரும்.

அந்த மாதங்களில்தான் செல்விக்குக் கால் வீங்கியது. சிறுநீரகத்தில் இறங்கிவிட்டது என்றார்கள். பெங்களூரில் சேர்த்தார்கள். டாக்டரிடம் நானே போனில் பேசினேன். வெயில் மட்டும்தான் காரணம் என்று சொல்ல முடியாது, மாத்திரை சரியாக எடுத்தும் சிலருக்கு இப்படி ஆகும் என்றார். ஆனால் அவர் கேட்ட முதல் கேள்வி, "வெயிலில் வேலையா இவருக்கு? தோல் இவ்வளவு வெந்திருக்கிறதே," என்பதுதான்.

"இல்லை டாக்டர். தினம் சன் ஸ்க்ரீன் போடுகிறாள். நான்தான் அனுப்புகிறேன்," என்றேன்.

கடைசியாகப் பேசியபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. "பாப்பா பரீச்சை முடிஞ்சுதா? இந்த மே-க்கு வந்துருவீங்களா?" என்று கேட்டாள். வந்துவிடுவோம் என்றேன். விசா கையில் இல்லாமல்தான் சொன்னேன்.

அவள் போன அன்று, பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அக்கா போனைப் பிடித்துக்கொண்டு நிற்க, எல்லாவற்றையும் ஒரு கையகலத் திரையில் பார்த்தேன். தலைமாட்டில் விளக்கு, முருகேசனின் முதுகு, யாரோ ஒருவரின் தோள். நடுவில் நெட் போய்விட்டது. திரும்ப வந்தபோது தூக்கியிருந்தார்கள். அந்தத் துக்கத்தில் பாதி, துக்கப்படக்கூட நாம் அங்கே இல்லையே என்ற அவமானம். புலம்பெயர்ந்த எல்லோருக்கும் இது ஒருநாள் வரும் என்று இங்கே மூத்தவர்கள் ஆறுதல் சொல்கிறார்கள். அது எப்படி ஆறுதலாகும் என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த நாள் நான் ஷிப்டுக்குப் போனேன். போகாவிட்டால் விசாவுக்கு ஆபத்து என்று பயம். டோரத்தியின் காலுக்குக் க்ரீம் தடவினேன்.

தர்ஷினி ஒரு வாரம் முகத்துக்கு எதையும் பூசவில்லை. குட்டி ஃப்ரிட்ஜின் ப்ளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டாள். நான் போய்ப் பேச்சுக் கொடுத்தபோது, "நீ ஏம்மா அப்பவே போகல?" என்று தமிழில் கேட்டாள். விசாவை விளக்கினேன். கேட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

6

விசா வந்தது, செல்வி போன பிறகு, ஒரு மின்னஞ்சலாக. போன மாதம் வருடத் திதிக்குப் போனோம், நானும் தர்ஷினியும்.

முருகேசன் வீட்டைத் துடைத்து வைத்திருந்தார். செல்வியின் படத்துக்கு மாலை. அவர் இளைத்திருந்தார். தர்ஷினி அவரை, "சித்தப்பா, நீ சாப்டியா?" என்று கேட்டாள். முன்பெல்லாம் நீங்க என்றுதான் சொல்வாள், அது மறந்துபோயிருந்தது. அவர் அதைக் கவனித்தார், ஆனால் பிடித்தமாதிரிதான் சிரித்தார்.

திதி முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய பிற்பகலில், அவர் பீரோவைத் திறந்தார்.

"யக்கா, இது உங்களுது. எடுத்துக்கினு போயிருங்க. நான் வெச்சுக்கினு என்னா பண்ணட்டும்."

நடுத் தட்டில், செல்வியின் கல்யாணப் பட்டுக்குப் பக்கத்தில், ஒரு துண்டை விரித்து அதன்மேல் நிற்க வைத்திருந்தாள். நான் அனுப்பிய பாட்டில்கள். எல்லாமே. ஒன்றில்கூட சீல் பிரியவில்லை. தூசிகூட இல்லை. துடைத்துத் துடைத்து வைத்திருக்கிறாள்.

எனக்கு முதலில் வந்தது கோபம். அழுகை அதற்கப்புறம்தான். உயிரோடு இருந்திருந்தால் கன்னத்தில் அறைந்திருப்பேன்.

"அப்ப அவ எதத்தான் பூசினா, தம்பி?"

"கம்பெனில பொங்கலுக்குக் குடுப்பாங்கல்ல, அந்த சன் ஸ்க்ரீனு." அவர் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "அது பழசுதான். தண்ணி தண்ணியா ஊத்தும். குச்சி போட்டுக் கலக்கிப் பூசுவா. அப்புறமும் மூஞ்சி திட்டுத்திட்டா நிக்கும். நான் சொன்னேன் யக்கா. தேதி முடிஞ்சி போச்சேடி, அக்கா அனுப்பினதப் போடேன்னு. நாம அடிச்ச தேதிதானே, அதுக்கென்னான்னா."

"அனுப்பினத ஏன் போடலை? யாருக்கு வெச்சா?"

அவர் தர்ஷினியைப் பார்த்தார். பார்த்துவிட்டு வேறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

"பாப்பாவுக்குத்தான். பாப்பா மே-ல வருவா, அவ ஒடம்பு அந்த ஊருக்குப் பழகிப் போச்சு, இங்க வெயில்ல நின்னா கொப்புளம் போட்டுரும், ராயக்கோட்டைப் பக்கம் கோயிலு, கிருஷ்ணகிரி டேமுன்னு கூட்டிக்கினு சுத்தணும், அப்ப வேணும்னு சொல்லுவா. நீங்க வரலைன்னு ஆனதும் அடுத்த மே-க்கு ஆவும்னு உள்ள வெச்சுருவா."

வெளியே தண்ணீர் லாரி வந்து, குடங்கள் ஓடின.

ஒரு ட்யூப் க்ரீம் ஒரு வருடம் கூடுதலாக இருந்தால் கெட்டா போய்விடும் என்று எங்கள் லைன் வீடுகளில் யாரைக் கேட்டாலும் சிரிப்பார்கள். பாத வெடிப்புக் க்ரீம் கெடாது. முகக் க்ரீம் கெட்டாலும் ஒரு பரு வரும், அவ்வளவுதான். சன் ஸ்க்ரீன் அப்படியில்லை. தேதி போனால் அது பார்க்கத்தான் க்ரீம், வெயிலைத் தடுக்கும் சத்தை அதில் நம்ப முடியாது. பூசியிருக்கிறோம் என்ற தைரியத்தில் வெயிலில் உட்கார வைக்கும், அதுதான் அதன் ஆபத்து. செல்வி தினமும் பூசினாள். என்னிடம் பொய் சொல்லவில்லை. வெள்ளை வெள்ளையாகப் பூசிக்கொண்டு, சிமெண்ட் மேடையில் தைரியமாக உட்கார்ந்து சோறு தின்றாள்.

தர்ஷினி பீரோவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு பாட்டிலாகத் திருப்பிப் பார்த்தாள். அவள் பழக்கம் அது. முதல் வருடத்தவை முடிந்திருந்தன. பின்னால் அனுப்பியவற்றுக்கு இன்னும் ஆயுள் இருந்தது. முடிந்ததை ஒரு பக்கமும் நல்லதை ஒரு பக்கமும் வைத்தாள். இப்போது எழுந்து குப்பைக்கூடையைத் தேடுவாள் என்று நான் பயந்தேன். அவள் தேடவில்லை. இரண்டு பக்கத்தையும் ஒன்றாகச் சேர்த்து, தன் முதுகுப் பையில் அடுக்கி, ஜிப்பை மூடினாள்.

7

அந்தப் பையைப் பெரிய பெட்டிக்குள் வைக்கச் சொன்னேன். கேட்கவில்லை. "பெட்டி தொலஞ்சு போச்சுன்னா?" என்றாள். வரும்போது எங்கள் பெட்டி ஒன்று இரண்டு நாள் தாமதமாக வந்தது, அதனால் என்னாலும் எதிர்த்துப் பேச முடியவில்லை. கையில் பெரிய பாட்டில் கூடாது என்ற ஏர்போர்ட் விதி எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். சீல் பிரிக்காததை விட்டுவிடுவார்கள் என்றாள். முருகேசன் வாடகைக் காரில் பெங்களூர் ஏர்போர்ட் வரை வந்தார். வாசலில் தர்ஷினியின் தலையில் கை வைத்துவிட்டுத் திரும்பிப் போனார்.

பாதுகாப்புச் சோதனையில் பை நின்றுவிட்டது. சீருடை போட்ட பெண் காவலர் ஜிப்பைத் திறந்து பாட்டில்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தார். எல்லாம் பெரிய பாட்டில். அளவுக்கு மேல் திரவம், கையில் கொண்டுபோகக் கூடாது. பக்கத்திலேயே ஒரு பெரிய தொட்டி, அதில் தண்ணீர் பாட்டில், சென்ட், ஊறுகாய்.

தர்ஷினி அவரிடம் ஆங்கிலத்தில் வாதாடினாள். புதியவை, சீல் பிரிக்கவில்லை, பரிசாகக் கொடுத்தது. அவர் ஒரு பாட்டிலைத் திருப்பிப் பார்த்தார். தேதி முடிந்துபோனதுதானே, இதற்குப் போய் ஏன் இத்தனை பேச்சு என்று என்னிடம் கன்னடத்தில் கேட்டார். கடுமையாகக் கேட்கவில்லை. பின்னால் வரிசை நீண்டிருந்தது.

நான் கன்னடத்தில் சொன்னேன், என் தங்கை வைத்துவிட்டுப் போனது என்று. ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. சட்டம் மாறாது என்று தெரிந்தேதான் சொன்னேன்.

அவர் கொஞ்சம் தயங்கினார். கொண்டுபோக விட முடியாது, வேண்டுமென்றால் ஓரமாக நின்று இங்கேயே கொஞ்சம் பூசிக்கொள்ளட்டும் என்றார்.

தர்ஷினிக்குச் சொன்னேன். நல்ல தேதி உள்ள பாட்டில்கள் இரண்டு மூன்று முன்னாலேயே இருந்தன. அவள் அவற்றை நகர்த்திவிட்டு, முதல் வருடம் அனுப்பியதைத் தேடி எடுத்தாள். செருப்பு மாட்டும் பெஞ்சில் உட்கார்ந்து சீலைப் பிரித்தாள். முதலில் மஞ்சளாகத் தண்ணீர் வந்தது, பிறகு கட்டியாக வெள்ளை. பழைய எண்ணெய் நாற்றம். அவள் முகம் சுளிக்கவில்லை. இரண்டு விரல் நிறையப் பிதுக்கி, நெற்றியிலிருந்து கழுத்துவரை பூசினாள். கலங்காத கட்டி அவள் கன்னத்தில் திட்டுத்திட்டாக நின்றது. பிறகு, "கையக் காட்டும்மா," என்று சொல்லி என் இரண்டு கையிலும் முழங்கைவரை தேய்த்துவிட்டாள். செல்வி அவளுக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்துவிடும் அதே மாதிரி, மேலிருந்து கீழாக.

மூடியைத் திருகி, அந்தப் பாட்டிலையும் மற்றவற்றோடு வைத்தாள். காவலர் எல்லாவற்றையும் அள்ளித் தொட்டியில் போட்டார். நாங்கள் திரும்பிப் பார்க்காமல் நடந்தோம். வழியெல்லாம் ஆட்கள் அவள் முகத்தைப் பார்த்தார்கள். அவள் துடைத்துக்கொள்ளவில்லை.

விமானத்தில் ஜன்னலோரம் அவளுக்கு. புறப்பட்டு மேலே ஏறியதும் காலை வெயில் நேராக அவள் முகத்தில் விழுந்தது. நான் குறுக்கே கையை நீட்டி ஜன்னல் மறைப்பை இறக்கப் போனேன்.

"வேணாம்மா," என்றாள். "சித்தி க்ரீம் போட்டிருக்கேன்."